உன் படிப்புக்கு எழுதிய பற்று

உ

என் சின்ன மகனுக்கு உன் ஆத்தா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் உன்னைப் பெற்ற அப்பச்சிக்கு முழங்கால் வீக்கம் இன்னும் வடியவில்லை, சிவப்புப் பசுவுக்குப் பால் வற்றிவிட்டது, போன வாரத்து மழையில் சமையல்கட்டு ஓடு இரண்டு சரிந்துவிட்டது. இந்த மூன்றும் போக மற்றதெல்லாம் பிள்ளையார் புண்ணியத்தில் சுகம். நீ ஐப்பசியில் எழுதிய கடிதத்துக்கு மார்கழியில் பதில் எழுதுகிறேன். ஆத்தாளுக்குக் கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமில்லை. பதில் எழுதுமுன் நான் இரண்டு பேரைக் கேட்க வேண்டியிருந்தது, அதில் ஒருவன் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறான். அதனால்தான் தாமதம்.

உன் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். "என் காலேஜ் படிப்புக்காகப் பேரேட்டில் என் பேருக்கு எழுதியிருக்கும் தொகையை வட்டியோடு கூட்டி எழுதி அனுப்புங்கள். மலாயாவில் அம்மானுடைய கிள்ளான் கடைக்கு ஆள் தேடுகிறார்களாம். தை மாதம் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு மூன்று வருஷத் தவணையில் அங்கே கணக்குக்குப் போகிறேன். திரும்பி வரும்போது கடனை அடைத்துவிடுவேன்" என்று எழுதியிருக்கிறாய். நாலே வரி. கூடுதலாக ஒரு வரி, "பி.ஏ. படித்தது நம் வீட்டுக்கு நட்டம்தான், இப்போது ஒத்துக்கொள்கிறேன்" என்று. அந்த ஐந்தாவது வரியைப் படித்த அன்று சோறு இறங்கவில்லை.

முதலில் நீ கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். கணக்குக் கேட்டவனுக்குக் கணக்கைச் சொல்லாமல் கதை சொல்லுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. புதுக்கோட்டையில் இண்டர் படித்த இரண்டு வருஷம், திருச்சிராப்பள்ளியில் பி.ஏ. படித்த இரண்டு வருஷம், ஆக நாலு வருஷத்துக்கும் சம்பளம், மெஸ், புத்தகம், பரீட்சைப் பணம், ரயில், மோட்டார், நாலு சட்டை, ஒரு கோட்டு, எல்லாம் சேர்த்து முதல் ஆயிரத்து நானூற்றுப் பதினேழு ரூபாய் ஆறணா. வட்டியோடு ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம். இப்போது உனக்கு மாதம் நாற்பது ரூபாய். அறந்தாங்கியில் அறை வாடகையும் சாப்பாடும் பதினெட்டு போக மிச்சம் இருபத்திரண்டு. ஒரு காசு வேறு எதற்கும் தொடாமல் சேர்த்தாலும் முதலை மட்டும் மீட்க ஐந்து வருஷத்துக்கு மேலாகும். நீ புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த அந்த நாலு வருஷமும் உன் அண்ணன் கிள்ளானில் கடையில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தான். அதையும் சேர்த்துப் பார்த்தால், காசைப் பொறுத்தவரை நீ எழுதியது சரி. நட்டம்தான். என் பிள்ளை என்பதற்காகக் கூட்டல் புள்ளியை மாற்றிப் போட மாட்டேன்.

ஆனால் அந்தத் தொகை உன் பேருக்கு எப்படி வந்தது என்பது உனக்கு முழுசாகத் தெரியாது. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணிவிட்டு நீ சரித்திரம் படிக்கப்போகிறேன் என்று வந்து நின்ற அன்று அப்பச்சி சவரம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். பாதி முகத்தில் சோப்பு.

"சரித்திரமா? செத்துப்போன ராசாக்க கதையைப் படிச்சிட்டு வந்து எந்தச் சந்தையில விக்கப்போறே?"

"விக்கிறதுக்கு இல்லை அப்பச்சி. பள்ளிக்கூடத்துல சொல்லிக்கொடுக்கலாம்."

"என்ன குடுப்பான்?"

"நாப்பது ரூவா குடுப்பாங்களாம்."

"வாரத்துக்கா?"

நாவிதர்கூடச் சிரித்துவிட்டார். நீ சிரிக்கவில்லை. முகம் சிறுத்துப்போய்க் கொல்லைப்பக்கம் போனாய். உன் அப்பச்சி பொல்லாதவர்கள் இல்லை. பதினாறு வயதில் பர்மாவுக்குக் கப்பலேறி, அடுத்தவர் வட்டிக்கடையில் பணப்பெட்டியடியில் குந்தியே முழங்காலைத் தொலைத்துவிட்டு வந்தவர்கள். கண்ணால் பார்க்கிற வருமானத்தைத் தவிர வேறு எதையும் நம்ப அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அன்று மத்தியானம் நான்தான் போய்ச் சொன்னேன், "இந்தாங்க, அவன் படிப்புச் செலவை அவன் பேருக்கே பற்று எழுதிருவோம். பின்னால பாகம் பிரிக்கிறப்ப அவன் பங்குல கழிச்சுக்கிட்டாப் போச்சு. பெரியவனுக்கும் கொறையிருக்காது, ஒங்களுக்கும் கொறையிருக்காது." அப்பச்சி, "வட்டி?" என்றார்கள். "நடப்பு வட்டி போட்டுக்கலாம்" என்றேன். "சரி, போகட்டும்" என்றார்கள். அந்தத் தந்திரம் என்னுடையது, ராசா. அதைச் சொல்லியிருக்காவிட்டால் நீ காலேஜ் வாசலைப் பார்த்திருக்க மாட்டாய். அந்தப் பெருமையில், நான் செய்தது என்ன என்று எனக்கே தெரியாமல் போய்விட்டது. உன்னைப் படிக்க அனுப்பினேன், ஆனால் கடன்காரனாக அனுப்பினேன்.

அதே பேரேட்டில் இருபது பக்கம் முன்னால் புரட்டினால் உன் அண்ணன் கிள்ளானுக்குப் புறப்பட்ட வருஷம் இருக்கிறது. நாகப்பட்டினம் வரைக்கும் ரயில், கப்பல் டிக்கெட், டிரங்குப் பெட்டி, மெத்தை, ஆறு வேட்டி, எலுமிச்சங்காய் ஊறுகாய் ஜாடி, வழியனுப்ப வந்தவர்களுக்குச் சாப்பாடு. இருநூற்று எழுபது ரூபாய்க்கு மேல். அதை நான் அவன் பேருக்கு எழுதவில்லை. 'வீட்டுச் செலவு' என்று தலைப்பிட்டு எழுதியிருக்கிறேன். யாரும் சொல்லி எழுதவில்லை, கை தானாக அப்படி எழுதிற்று. நம் ஆட்களுக்குப் பிள்ளை கப்பலேறுவது கல்யாணம் மாதிரி, வீடு முழுக்கச் சேர்ந்து செய்கிற காரியம். பிள்ளை படிக்கப் போவது அவனவன் ஆசை. இந்த வித்தியாசத்தை எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. சமையல்கட்டில் உப்பு இருக்கிற இடம் மாதிரி அது அங்கேயே இருந்தது.

நான் எழுத்துப் படித்த கதை உனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் அப்பச்சி ரங்கூனிலிருந்து எழுதுகிற கடிதத்தைக் கடைக் கணக்கப்பிள்ளை கூடத்தில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். எனக்கு எழுதிய நாலு வார்த்தையையும் அவர்தான் ஊருக்கெல்லாம் கேட்கிற மாதிரி படிப்பார். வெட்கம் பிடுங்கித் தின்னும். மனப்பாடமாகத் தெரிந்த பதிகத்தை அச்சுப் புத்தகத்தில் திறந்து வைத்துக்கொண்டு, பாடப்பாட ஒவ்வொரு எழுத்தாக விரலை நகர்த்தி நானாகப் படித்தேன். ஆறு மாதத்தில் கடிதத்தைக் கணக்கப்பிள்ளை கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். அதனால் எழுதியிருப்பதெல்லாம் வேதம் என்று எனக்கு ஒரு நினைப்பு. பேரேட்டில் ஏறிவிட்டால் அது உண்மை. என் கையால் ஏற்றியது என்றால் இன்னும் பெரிய உண்மை.

நீ பி.ஏ. முதல் வருஷம் முடித்து லீவுக்கு வந்திருந்தபோது குன்றாண்டார்கோவிலுக்குப் போனோமே, அப்பச்சி காலுக்காக நேர்ந்துகொண்ட அபிஷேகத்துக்கு. பாறையைக் குடைந்த அந்தச் சந்நிதியை நான் எத்தனையோ தரம் சுற்றியிருக்கிறேன். கல்லில் கீறியிருப்பதை ஏதோ பழைய காலத்துக் கிறுக்கல் என்றுதான் நினைத்திருந்தேன். நீ பிரசாத இலையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றுவிட்டாய். எறும்பு ஏறிற்று. "என்னடா சொவத்தையே பாக்குறே?" என்றேன். "ஆத்தா, இது கணக்கு" என்றாய். எழுத்தைத் தடவித் தடவிப் படித்துச் சொன்னாய், ஒரு பெண்பிள்ளை, பேர் பாதி உதிர்ந்துபோய்விட்டது, சாமிக்கு விளக்கெரிக்க ஆடு கொடுத்திருக்கிறாள், வாங்கிக்கொண்டவன் தினமும் இத்தனை நெய் அளக்க வேண்டும் என்று. ஒரு பொம்பிளை எழுதிவைத்த வரவுசெலவைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள், அதை நான் இத்தனை வருஷம் கையால் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டு போயிருக்கிறேன். "ஆடு செத்துப்போனா?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். "அது சாகாது ஆத்தா. குட்டி போடப்போட எண்ணிக்கையைக் குறையாம வச்சுக்கணும், அதான் ஏற்பாடு" என்றாய். முதல் குறையாமல் விளக்கு எரியவேண்டும். எவ்வளவு கெட்டிக்காரி பார். அன்றைக்கு வண்டியில் திரும்பி வருகிறபோது முதன்முதலாக, இந்தப் படிப்பில் என்னவோ இருக்கிறது என்று எனக்குப் பட்டது. அதை உன்னிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து வண்டிக்கூலியை எழுதினேன், உன் பேருக்கு அந்த வருஷத்து வட்டியையும் எழுதினேன்.

அதே லீவில்தான் நீ பேரேட்டைப் பார்த்தாய். நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். "ஆத்தா, இந்த வட்டி எனக்கா?" என்று கேட்டாய். "ஆமா, எல்லாருக்கும் போடுறதுதானே" என்று தலைநிமிராமலே சொன்னேன். நீ மூடி வைத்துவிட்டுப் போய்விட்டாய். ஆவணி மாதத்திலிருந்து மெஸ் பில் பதினாலு ரூபாயிலிருந்து பதினொன்றாகக் குறைந்து வந்தது. மாசி வரைக்கும் ஏழு மாதம் அப்படித்தான். எனக்கு ஒரே சந்தோஷம். பில்லின் ஓரத்தில் என் கையால் எழுதியிருக்கிறேன், 'சிக்கனம், நல்ல பிள்ளை' என்று.

பரீட்சை முடிந்து உன் பெட்டி படுக்கையைக் கட்டிவர நானும் அப்பச்சியும் திருச்சிராப்பள்ளிக்கு வந்தோம், மலைக்கோட்டையில் பிள்ளையாரையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று. நீ புத்தகம் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தாய். மெஸ்காரர் என்னிடம் வந்து, "ஆச்சி, ஒங்க மகனுக்கு நல்லா ஆக்கிப் போடுங்க. ராச்சாப்பாடு வேணாம்னு நிறுத்திப்புட்டாரு. ரெண்டு வாழைப்பழம், ஒரு சொம்புத் தண்ணி, அம்புட்டுத்தான். வயித்துல கோளாறான்னு கேட்டேன், ஆமான்னாரு" என்றார். மலைக்கோட்டைப் படி ஏறுகிறபோது அப்பச்சி நொண்டி நொண்டி முன்னால் போய்விட்டார்கள், என்னால்தான் ஏற முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் அந்த ஏழு பில்லையும் எடுத்துப் பார்த்தேன். உன் பசியை நான் 'நல்ல பிள்ளை' என்று எழுதி வைத்திருக்கிறேன். பிள்ளை மெலிந்திருக்கிறானே என்று அந்தத் தீபாவளிக்கே என் கண்ணில் பட்டது. படிப்பு அப்படி என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தெரிந்த பிறகும் இரண்டு வருஷம் உன்னிடம் வாயைத் திறக்கவில்லை. தப்பை ஒத்துக்கொள்கிற தைரியம் வட்டி போடுகிற கைக்குச் சீக்கிரம் வராது போலிருக்கிறது.

கார்த்திகை மாதம் ஒரு திங்கட்கிழமை, கட்டுமாவடியிலிருந்து ஒரு செம்படவர் ஊரெல்லாம் விசாரித்துக்கொண்டு நம் வீட்டு வாசலுக்கு வந்தார். தலையில் பனையோலைக் கூடை. "அறந்தாங்கி சரித்திர வாத்தியாரு வீடு இதுதானுங்களா ஆச்சி?" என்றார். உன்னிடம் அவர் பிள்ளை படிக்கிறானாம். கூடையில் வஞ்சிரக் கருவாடு. எனக்கோ சோமவார விரதம். வாங்கவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. "என்ன வெலைங்க?" என்று கேட்டுவிட்டேன். மனிதருக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"வெலைக்கா ஆச்சி இம்புட்டுத் தூரம் மோட்டார்ல வந்தேன்? எங்க கடக்கரைக்கு அந்தக் காலத்துல எங்கெங்க இருந்தெல்லாம் மரக்கலம் வந்துச்சுன்னு ஒங்க மகன் சொல்லிக்கொடுத்திருக்காரு. பய வந்து எனக்குச் சொல்றான். நாப்பது வருசமா அந்தத் தண்ணியிலதான் கெடக்கேன், எனக்குத் தெரியலையே. மீன் நாத்தம் அடிக்கிற எடம்னு சொல்லக் கூசுன பய, இப்ப எங்க ஊரு கட்டுமாவடின்னு நெஞ்சை நிமித்திக்கிட்டுச் சொல்றான்."

கூடையை வாங்கி வைத்துவிட்டு மோர் கொடுத்தேன். குடித்துவிட்டுப் புறப்படுகிறபோது, "சாரு வேலையை விட்டுட்டுக் கப்பலேறப் போறாருன்னு பேசிக்கிறாங்களே, நெசமா ஆச்சி?" என்றார். தெரியாது என்றேன். அந்தக் கூடையை எந்தத் தலைப்பில் எழுதுவதென்று அன்று முழுக்க யோசித்தேன். விலைக்கு வாங்கியதில்லை. மொய் இல்லை. கடன் இல்லை. தானமும் இல்லை. கணக்கு எழுதத் தொடங்கிய நாளிலிருந்து தலைப்புக் கிடைக்காமல் நின்றது அந்த ஒரு வரவுதான். அந்தக் கோடு இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது.

உன் கடிதம் வந்த வாரமே அப்பச்சியிடம் பேரேட்டை இரண்டு இடத்தில் பிரித்து வைத்துக் காட்டினேன், அண்ணன் பக்கத்தையும் உன் பக்கத்தையும். மெஸ் விஷயத்தையும் சொன்னேன். இரண்டு பக்கத்தையும் விரல் வைத்துப் படித்தார்கள். "பெரியவனுக்குப் போட்டதை வீட்டுச் செலவுன்னுதானே எழுதியிருக்கே?" என்றார்கள். "ஆமாங்க." "அப்ப இவனுக்கு மட்டும் ஏன் தனியா?" "ஒங்களைச் சம்மதிக்க வைக்கத்தான்." அப்பச்சி பேரேட்டை மூடி வைத்துவிட்டு, "நான் வாரத்துக்கான்னு கேட்டதை அவன் மறந்திருப்பானா?" என்றார்கள். மறந்திருக்க மாட்டான் என்றேன். "பெரியவனுக்கு எழுதிக் கேளு. அவன் பங்கும் இதுல இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்கள். அப்படித்தான் கிள்ளானுக்கு எழுதினேன். உன் அண்ணன் பதில் போன செவ்வாய்க்கிழமை வந்தது. அவன் பாஷையிலேயே தருகிறேன்: "இதைக் கேக்கவா தபால் செலவு பண்ணினீங்க? எனக்கு ஊறுகாய் ஜாடி வரைக்கும் வீட்டுச் செலவுல எழுதினீங்க, அவனுக்குப் புஸ்தகத்தை எழுதினா என்ன முழுகிப்போகும்? ஒண்ணு மட்டும் சொல்றேன், அவனைக் கடைக்கு அனுப்பாதீங்க. கடன் கேட்டு வர்றவன்கிட்ட ஒங்க ஊருக்கு அந்தப் பேரு எப்படி வந்துச்சுன்னு கேட்டுக்கிட்டு ஒக்காந்திருப்பான். அம்மான் கடை ஆறு மாசத்துல திவால்."

பேரேட்டில் கிழிப்பதும் அடிப்பதும் நமக்கு ஆகாது. அதனால் உன் பக்கத்தில் எதிர்வரவு வைத்துவிட்டேன். இன்று காலை குளித்து, விளக்கேற்றி, பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு எழுதினேன்: 'சின்னவன் காலேஜ் செலவு, தவறுதலாய் அவன் பேருக்குப் பற்று எழுதியது, வட்டி உட்பட வீட்டுச் செலவுக்கு மாற்றியது.' அப்பச்சி பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். உன் கடன் தீர்ந்து கணக்கு நேர். இது நான் உனக்குக் கொடுக்கிற தானம் இல்லை. முதலிலிருந்தே இப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

இதற்குப் பிறகும் மலாயாவைப் பார்க்கவேண்டும், கடையில் இருந்து பார்க்கவேண்டும் என்று உனக்கே ஆசை இருந்தால் போ. ஊறுகாய் போட்டுத் தருகிறேன், அதையும் வீட்டுச் செலவில்தான் எழுதுவேன். ஆனால் அடைப்பதற்கென்று போகாதே. அடைக்க ஒன்றுமில்லை. வேலையில் இருப்பதென்று தீர்மானித்தால் காசு விஷயத்தில் கண்ணைத் திறந்துகொண்டு இரு. நாற்பது நாற்பதுதான். பெண் கொடுக்க வருகிறவர்கள் சம்பளம் கேட்டால் நாற்பது என்று சொல், இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன், கூடும் என்று இழுக்காதே. நாளைக்கு எந்த வீட்டுத் தாயாவது வந்து என் பிள்ளையை பி.ஏ. படிக்க வைக்கலாமா என்று கேட்டால், ஆகிற செலவையும் கிடைக்கிற சம்பளத்தையும் மறைக்காமல் சொல்லு. தாசில்தார் ஆவான் என்று ஆசை காட்டாதே. சொல்லிவிட்டு, அந்தச் செலவை யார் பேருக்கு எழுதப்போகிறீர்கள் என்றும் கேள். அதைக் கேட்க உனக்குத்தான் தெரியும்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. எனக்கு உன்னிடம் உள்ள கடன். ஆவணியிலிருந்து மாசி வரை ஏழு மாதம் இருநூற்றுப் பத்து நாள். தீபாவளிக்குப் பத்து நாளும் பொங்கலுக்கு ஆறு நாளும் வீட்டில் சாப்பிட்டாய், அது போக நூற்றுத் தொண்ணூற்று நாலு ராச்சாப்பாடு. பேரேட்டில் என் பேருக்குப் புதுப் பக்கம் திறந்து பற்று எழுதியிருக்கிறேன். மெஸ்காரர் கணக்கில் இதற்கு இருபது ரூபாய்கூட வராது. ரூபாயாக நான் தரப்போவதும் இல்லை. பொங்கலுக்கு வா. வந்து பொழுது சாய எனக்கு எதிரே இலையில் உட்கார். ஒவ்வொன்றாகக் கழிப்போம். வட்டிக்கு வெள்ளைப் பணியாரம் சுட்டு வைக்கிறேன்.

உன் ஆத்தா